வறுக்கும் முன்பா, திரித்த பிறகா?

போன தீபாவளிக்கு லீவு கிடைக்காமல் பெங்களூரிலேயே தங்கிவிட்ட என் சித்தி மகள், ஊரில் செய்வது ஒன்றையாவது செய்யணும்னு முறுக்கு சுட உட்கார்ந்தாள். செய்முறை நான் அனுப்பியது. எங்கள் பெரியம்மா பல வருஷமாக எழுதிவைத்திருந்த நோட்டை நான்தான் டைப் செய்து, உழக்குக் கணக்கையெல்லாம் கிராமுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி குடும்ப வாட்சப் குழுவில் போட்டிருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தது.

"அண்ணே, இதக் கடிச்சா பல்லு போயிரும். ஒரு லிட்டர் எண்ணெய் காலி. நான் ஒண்ணுமே மாத்தல. நீ போட்டிருந்த கிராம அப்படியே தராசுல வச்சுத்தான் எடுத்தேன்."

அழவில்லை. ஆனால் ரொம்ப தூரத்திலும் இல்லை.

எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏனென்றால் நான் சோம்பேறித்தனமாக மாற்றியவன் இல்லை. பெரியம்மாவின் பித்தளை உழக்கில் தண்ணீர் ஊற்றி எடை பார்த்திருந்தேன். பழைய வாய்ப்பாட்டுப்படி ஒரு உழக்கு என்பது 336 மில்லி. அவள் உழக்கில் 310தான் வந்தது. "அது வாய் நெளிஞ்ச உழக்கு"ன்னு அவளே சொன்னாள். சரி, 310 என்றே வைத்துக்கொண்டேன். அதில் பச்சரிசி நிரப்பித் தலைதட்டி நிறுத்தால் 255 கிராம். ஆகவே நாலு உழக்கு அரிசி 1020 கிராம். உளுந்து மாவு தளதளவென்று நிரப்பினால் 160 கிராம். இதைவிட நேர்மையாக யார் மாற்றப் போகிறார்கள்?

மறுநாள் பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏல, உளுந்த எப்ப அளந்த?"

"எப்பன்னா?"

"வறுக்க முந்தியா, திரிச்ச பெறவா?"

நோட்டில் இருந்த வரி இதுதான்: பச்சரிசி நாலு உழக்கு, வறுத்துத் திரிச்ச உளுந்து ஒரு உழக்கு. நான் அதை வறுத்துத் திரித்த பிறகு ஒரு உழக்கு என்று படித்திருந்தேன். அவள் எழுதியதோ, ஒரு உழக்கு உளுந்து, அதை வறுத்துத் திரிக்கணும் என்பது. முழு உளுந்து அதே உழக்கில் 260 கிராம் நிற்கும். நான் போட்டது 160. நூறு கிராம் உளுந்து ஒரு பெயரெச்சத்துக்குள் தொலைந்துபோனது. நாலுக்கு ஒன்று என்றிருந்த முறுக்கு ஆறரைக்கு ஒன்று ஆகிவிட்டது. உளுந்து குறைந்தால் முறுக்கு இறுகும். கணக்கு சரி, வாசிப்பு தப்பு.

இந்த நூறு கிராமை முன்வைத்துத்தான் இந்தக் கட்டுரை. சமையல் குறிப்பை நாம் யாரும் பிரதியாகப் படிப்பதில்லை. படித்தாலும் ஒன்று நாஸ்டால்ஜியாவாகப் படிக்கிறோம், இல்லாவிட்டால் இன்ஸ்ட்ரக்‌ஷனாகப் படிக்கிறோம். ஒரு கவிதையில் எச்சம் எங்கே போய் முடிகிறது என்று அரை மணி நேரம் சண்டை போடுகிற நாம், "ஒரு கப் வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலை" என்று வந்தால் நேராகக் கப்பை எடுக்கப் போய்விடுகிறோம்.

தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். ஆங்கிலச் சமையல் எழுத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. 'சலித்த மாவு ஒரு கப்' என்று வந்தால் சலித்துவிட்டு அளக்கணும். 'மாவு ஒரு கப், சலித்தது' என்று ஒரு காற்புள்ளிக்குப் பிறகு வந்தால் அளந்துவிட்டுச் சலிக்கணும். மைதா விஷயத்தில் இந்தக் காற்புள்ளியின் விலை ஒரு கப்புக்கு இருபது முப்பது கிராம் வரை போகும். சலித்து மெதுவாக ஸ்பூனால் எடுத்துப்போட்ட மாவு 120 கிராம் என்றால், டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளிய மாவு 140, 150 கூடப் போகும். கப் ஒன்றுதான், மாவு ஒன்றுதான், கை மட்டும் வேறு. நம்மிடம் அந்தக் காற்புள்ளி வழக்கம் இல்லை. நாம் எல்லாவற்றையும் பெயருக்கு முன்னால் அடுக்குகிறோம்: உதிர்த்த, துருவிய, பொடித்த, இடித்த, வறுத்த, ஊறவைத்த. இந்த எச்சங்கள் காலத்தைக் காட்டுகின்றன. ஆனால் எதற்கு முந்தைய காலம்? சமைப்பதற்கு முந்தையதா, அளப்பதற்கு முந்தையதா? இலக்கணம் பதில் சொல்லாது.

பின்னே பெரியம்மா காலத்தில் யாருக்கும் ஏன் குழப்பம் வரவில்லை? பதில் மாவு மில்லில் இருக்கிறது. அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வறுத்த உளுந்தை அதோடு கலந்து, ஒரே தூக்குவாளியில் மில்லுக்குக் கொண்டுபோவார்கள். திரும்பி வருவது ஒரே மாவு. அதில் உளுந்தைத் தனியாக அளக்க வழியே கிடையாது. அளக்கிற வேலையெல்லாம் பானையில் இருந்து எடுக்கும்போதே முடிந்துவிடும். அந்த வாக்கியத்தின் இலக்கணம் நோட்டில் இல்லை, மில்லுக்குப் போகிற வழியில் இருந்தது. நான் பாக்கெட் மாவு வாங்கிப் பழகியவன். என் உலகத்தில் உளுந்து மாவு என்பது தனிப் பொருள், அதற்குத் தனி பாக்கெட், தனி பார்கோடு. ஆகவே நான் அப்படித்தான் படிப்பேன். பிரதி மாறவில்லை, மில் இல்லாமல் போய்விட்டது.

சரி, இப்போது 'கப்' என்ற சொல்லுக்கு வருவோம். இன்றைக்குத் தமிழில் எழுதப்படும், பேசப்படும் செய்முறைகளில் அதிகமாகப் புழங்குகிற அளவுச்சொல் அதுதான். அதுதான் மிக மோசமாக வாசிக்கப்படுகிற சொல்லும்கூட. என் கட்சி என்னவென்றால், அது ஒரே சொல் இல்லை. ஒரே எழுத்தில் எழுதப்படுகிற இரண்டு சொற்கள்.

முதல் கப் ஒரு விகிதம். இட்லிக்கு நாலு கப் அரிசி, ஒரு கப் உளுந்து என்று அம்மா சொல்கிறபோது அந்தக் கப் டம்ளராக இருக்கலாம், கிண்ணமாக இருக்கலாம், உடைந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அளக்கிறவரை பாத்திரத்தின் கொள்ளளவு ஒரு பொருட்டே இல்லை. கணக்கில் எக்ஸ் என்று போடுவோமே, அது. இந்தக் கப்பைக் கிராமுக்கு மாற்றச் சொல்வது, எக்ஸ் எவ்வளவு நீளம் என்று கேட்பது மாதிரி.

இரண்டாவது கப் ஒரு அளவை. அமெரிக்கக் கப் கிட்டத்தட்ட 237 மில்லி, சத்து விவர லேபிளில் அதையே 240 என்று முழுசாக்குவார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வருகிற அந்தப் பிளாஸ்டிக் கப் 180, அது ஜப்பானியர்களின் பழைய 'கோ' அளவின் வாரிசு. நம் வீட்டில் பலருக்கு அதுதான் கப். அமெரிக்காவில் எழுதின கேக் குறிப்பை ரைஸ் குக்கர் கப்பில் செய்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், எல்லாமே கப்பில் இருந்தால். நடுவில் 'மூன்று முட்டை' என்று வந்ததும் கதை முடிந்தது. முட்டை விகிதத்துக்குச் சுருங்காது. விகிதமாக இருந்த கப் அந்த இடத்தில் அளவையாக மாறிவிடுகிறது. வீட்டுச் சமையலில் அதே வேலையை 'ஒரு டீஸ்பூன் உப்பு' செய்கிறது.

ஆகவே எந்தக் குறிப்பையும் கிராமுக்கு மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி 'ஒரு கப் எத்தனை கிராம்' என்பது இல்லை. இந்தக் குறிப்பில் கப் எந்த வேலை செய்கிறது என்பதுதான். இது தராசின் கேள்வி இல்லை, வாசகனின் கேள்வி.

நம் இணையத்தில் சுற்றுகிற மாற்றுப் பட்டியல்கள் இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. '1 கப் = 250 கிராம்' என்று ஒரே வரியில் முடிக்கிற பட்டியல்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். 250 மில்லி கப்பில் தண்ணீர் ஊற்றினால் அது உண்மை. மற்றபடி? 240 மில்லி கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம். அரிசி 190, 200. மைதா 120 தொடங்கி மேலே. மெல்லிசு அவல் நூறு கிராமே வராது. பொரி இருபது தேறாது. மில்லி என்பது இடம், கிராம் என்பது கனம். பொருளுக்குப் பொருள் நடுவில் இருக்கிற காற்று மாறுகிறது. 250 என்று மொத்தமாக எழுதுகிறவர், எல்லா மொழியிலும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் என்று நம்புகிற மொழிபெயர்ப்பாளர்.

இதற்குப் பிடித்தமான உதாரணம் ஒன்று உண்டு, பவுண்டு கேக். பெயரிலேயே செய்முறை இருக்கிறது: மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. அழகான விகிதம், ஆனால் எடையில் விகிதம். இதை 'எல்லாம் ஒவ்வொரு கப்' என்று மாற்றிப் பாருங்கள். மாவு 120, சர்க்கரை 200, வெண்ணெய் 227. எண்கள் எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று என்று சமமாகத்தான் நிற்கும். அடுப்பில் இருந்து வருவது கேக்காக இருக்காது. விகிதம்கூட எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்ததுதான்.

தமிழ்ச் சமையல் எழுத்தில் இந்தப் பிரச்சினையை நேருக்கு நேர் சந்தித்த புத்தகம் என்று எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'ஐச் சொல்வேன். முதல் பாகம் 1951ல் வந்தது. அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956ல்தான் வருகிறது, கிலோகிராம் 1958ல் இருந்து படிப்படியாகத்தான் கடைகளுக்குள் நுழைகிறது. அதாவது படியும் ஆழாக்கும் பலமும் வீசையும் புழங்கிய கடைசி வருஷங்களில் வந்த புத்தகம். தன் வாசகி கையில் இருக்கிற அளவைகள் பத்து வருஷத்தில் சட்டப்படி செல்லாமல் போகும் என்று எழுதுகிறபோது யாருக்குத் தெரியும்? பின்னால் வந்த பதிப்புகளும் ஆங்கில வடிவமும் புது அளவைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது இதனால்தான்.

மல்லுக்கட்டு என்று சும்மா சொல்லவில்லை. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, அது வாய்ப்பாடு. ஆனால் எந்தப் படி? ஒரு கணக்கில் படி 1344 மில்லி, ஆழாக்கு 168. சென்னைப் பட்டணத்துப் படி அதைவிடப் பெரிசு, அதன் ஆழாக்கு 200 மில்லியைத் தாண்டும். அப்படியானால் கும்பகோணத்துப் பாட்டியின் ஆழாக்கை எந்த எண்ணால் பெருக்குவது? எடைக்கும் இதே கதி. 'ஒரு ரூபாய் எடை' என்பது அந்தக் காலத்தில் துல்லியமான சொல், ஒரு தோலா, 11.66 கிராம். நாணயத்தையே தராசில் போட்டு நிறுக்கலாம். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் நாலு கிராம்கூட இல்லை. பழைய நோட்டில் 'ஒரு ரூபாய் எடை பெருங்காயம்' என்று பார்த்து இன்றைய நாணயத்தை வைத்து நிறுக்கிற பையனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். பெருங்காயம் என்பதால் அவன் தப்பித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனாலும் அந்தப் புத்தகத்தை நான் மதிப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்: அது அளவு சொல்லத் துணிந்தது. பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாத ஒரு வாசகியை மனசில் வைத்து, தேவையான சாமான்களை முதலில் வரிசைப்படுத்தி, எவ்வளவு என்று சொல்லி, பிறகு வேலையை ஆரம்பிக்கிறது. இதில் என்ன பெரிசு என்று கேட்கலாம். 'கண்ணளவு, கைப்பக்குவம், மனசு வச்சா ருசி தானா வரும்' என்று நம் இலக்கிய மனம் இன்றைக்கும் உருகுகிறதே, அதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். கண்ணளவு என்பது உண்மையான அறிவு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைப் பிரதியில் எழுதிவிட்டுப் போவது, உங்களுக்குப் பாட்டி இருந்தால் மட்டும் உள்ளே வாருங்கள் என்று வாசலில் எழுதுவதுதான். விடுதியில் இருக்கிற பையன், வீட்டோடு பேச்சு அறுந்துபோன பெண், பெங்களூரில் தீபாவளிக்குத் தனியாக இருக்கிறவள், இவர்களுக்கெல்லாம் கண்ணளவு ஒரு பூட்டிய கதவு. சமையல் பற்றிய இலக்கியக் கட்டுரைகளில் பாதி இந்தப் பூட்டைத்தான் கும்பிடுகின்றன.

அளவு சொல்லாத இடங்களிலும் பழைய ஆட்கள் வெறும் கையை விரிக்கவில்லை என்பது வேறு விஷயம். சுண்டைக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழ அளவு. இது ஒரு முழு அளவுகோல், சிறிசில் இருந்து பெரிசுக்கு வரிசையாக நிற்கிறது. இதைக் கிராமுக்கு மாற்றுவது எனக்குத் தேவையில்லாத வேலையாகப் படுகிறது. புளி பழசா புதுசா என்பதைப் பொறுத்துப் புளிப்பே மாறுகிறபோது, '23 கிராம் புளி' என்று எழுதுவது துல்லியம் இல்லை, துல்லியத்தின் வேஷம்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வெண்ணெயை 'முட்டை அளவு', 'வால்நட் அளவு' என்றுதான் எழுதினார்கள், டீ கப்பால் அளந்தார்கள். ஃபேன்னி ஃபார்மர் 1896ல் பாஸ்டன் சமையல் பள்ளியின் பெயரில் வந்த புத்தகத்தில், கப்பையும் ஸ்பூனையும் நிரப்பிக் கத்தியால் மேலே வழித்துச் சமமாக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். சமன் அளவுகளின் தாய் என்ற பட்டமே அவருக்குக் கிடைத்தது. நம் ஊர் நெல் வியாபாரிக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பது களத்துமேட்டில் காலங்காலமாக நடந்த சண்டை. குத்தகை நெல் வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி கொடுக்கும்போது இன்னொரு மரக்கால் என்ற புகார் கேட்காத டெல்டா கிராமம் உண்டா? அங்கே கொள்ளளவு என்பது வயிறு. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் பேசியது. சட்டம் கிலோவுக்கு மாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. கிலோ என்று சொல்லியிருந்தால் அந்த வாக்குறுதி யார் அடுப்பங்கரைக்குள்ளும் போயிருக்காது.

ஃபார்மருக்குத் திரும்புகிறேன். அவர் கப்பின் தலையைச் சமமாக்கினார், வயிற்றை விட்டுவிட்டார். மேலே எவ்வளவு வழித்தாலும் உள்ளே மாவு அமுங்கியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று கத்திக்குத் தெரியாது. அமெரிக்க வீட்டுச் சமையல் இன்னும் கப்பை விடவில்லை, ஆனால் பேக்கிங் எழுதுகிற பலர் பக்கத்தில் கிராமையும் போட ஆரம்பித்துவிட்டார்கள். எடையின் பெரிய சௌகரியம் இங்கேதான். 260 கிராம் உளுந்தை வறுத்துத் திரித்தாலும், ஈரம் கொஞ்சம் போனது தவிர, 260 கிராம்தான். எச்சத்தை எப்படிப் படித்தாலும் முறுக்கு பிழைத்துக்கொள்ளும். அதாவது எடை என்பது வாசகனின் தப்பைத் தாங்குகிற மொழி, கொள்ளளவு தாங்காத மொழி. ஆனால் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிற அந்த ஒரு தடவை மட்டும் எடை நம்மைக் காப்பாற்றாது. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். தப்பாகப் படித்ததைத் துல்லியமாக நிறுத்து, மூன்று இலக்க எண்ணாக எழுதி, நம்பும்படி செய்து அனுப்பினேன். நோட்டில் இருந்தபடி உழக்கென்றே அனுப்பியிருந்தால் தங்கச்சி பெரியம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டிருப்பாள். கிராம் போட்டதால் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் நோட்டைத் திருத்தினேன். உழக்கை அழிக்கவில்லை. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: பச்சரிசி 4 உழக்கு, 1020 கிராம். உளுந்து 1 உழக்கு, 260 கிராம், வறுப்பதற்கு முன் அளந்தது. உழக்கு என்பது பெரியம்மாவின் நெளிந்த உழக்கு, 310 மில்லி. வேறு உழக்கு இருந்தால் இரண்டையும் அதிலேயே அளக்கவும்.

உப்புதான் பாக்கி. நோட்டில் 'உப்பு ஒரு கை' என்று இருக்கிறது. அதுவும் கல்லுப்பு. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மாவில் ஊற்றுவாள். தூள் உப்பை அதே கையில் எடுத்தால் இடுக்கில் காற்று குறைந்து கூடுதலாக ஏறும். ஆகவே ஊருக்குப் போனபோது தராசைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, அள்ளிப் போடச் சொன்னேன். முதல் தடவை 19 கிராம். இரண்டாவது தடவை 18. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பெங்களூர் முறுக்கு என்ன ஆச்சுன்னு அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை போடச் சொன்னேன். 24.

"பேச்சுக் குடுத்துட்டேல்லா" என்றாள்.

20 என்று எழுதியிருக்கிறேன்.